வலை இழுக்கும் கைக்கு எந்தக் கிரிப்பர்? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

இலங்கையின் தலவிலக் கரையில் கைப்பலம்தான் பலருக்குச் சோறு போடுகிறது. தென்மேல் பருவக்காற்று ஓய்ந்து மேற்குக் கடல் அடங்கிய மாதங்களில், கரைவலைக் கயிற்றை இரு பக்கமும் பிடித்து மணலில் பின்னோக்கி நடப்பவர்களின் விரல்களைக் கவனித்துப் பாருங்கள். வலை கரைக்கு வரும்வரை அந்தப் பிடி தளரக்கூடாது. கண்டக்குளியில் படகைக் கரையேற்றுபவர்களுக்கும், நுரைச்சோலைத் தோட்டங்களில் வெங்காயம் பிடுங்குபவர்களுக்கும், கருவாடு போடும் பெண்களுக்கும், கற்பிட்டிக் களப்பில் கைட் சர்பிங் பழக்கும் இளைஞர்களுக்கும் கைதான் முதல்.

இந்தக் கரையின் பிள்ளைகள் இப்போது கிரிப்பர் வாங்குகிறார்கள். இரண்டு கைப்பிடியும் நடுவில் ஒரு ஸ்பிரிங்கும் உள்ள சின்னக் கருவிதான். சட்டைப்பையில் அடங்கும், ஜிம்முக்குக் காசு கட்டத் தேவையில்லை. நல்ல பழக்கம்தான். ஆனால் பலர் அதில் அச்சிட்ட எண்ணைப் பார்த்தும், நண்பன் வைத்திருப்பதைப் பார்த்தும் வாங்குகிறார்கள். ஒரு கிழமையில் ஸ்பிரிங் கறள் பிடிக்கிறது, அல்லது முழங்கை நோகிறது, அல்லது கருவி மூலையில் கிடக்கிறது.

நாள் முழுக்க உழைக்கிற கைக்கும், நாள் முழுக்கத் தொலைபேசியும் பேனாவும் பிடிக்கிற கைக்கும் ஒரே கிரிப்பர் சரிவராது. உழைக்கிற கைக்குத் தேவை, உழைப்பு தராத பயிற்சி. கிரிப்பர் தெரிவில் இதை முதலில் மனதில் வையுங்கள். கீழே வருபவை எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

வாங்குவதற்கு முன்

செய்ய வேண்டியவை

1. உங்கள் கை ஏற்கெனவே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். பிடி ஒரே வகை இல்லை. பொருளை நசுக்கும் பிடி ஒன்று. கயிற்றையும் வாளியையும் விடாமல் தாங்கும் பிடி இன்னொன்று. பெருவிரலும் மற்ற விரல்களும் சேர்ந்து கிள்ளிப் பிடிப்பது மூன்றாவது. கிரிப்பர் வளர்ப்பது முதன்மையாக நசுக்கும் பிடியை. கரைவலை இழுப்பவருக்குத் தாங்கும் பிடி தினமும் கிடைக்கிறது. கயிற்றைப் பிடித்திருக்கும்போது விரல்கள் ஒரே அளவில் மடங்கி அப்படியே நிற்கின்றன. முழுதாக மூடுவதும் இல்லை, முழுதாக விரிவதும் இல்லை. இழுவைக்காரருக்குக் கிரிப்பர் உதவுவது அந்த முழு மூடலில்தான். முழு விரிப்புக்கு வேறு பயிற்சி வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

2. எதற்காக வாங்குகிறீர்கள் என்று ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். கயிறிழுத்தல் போட்டிக்கா, கரப்பந்தாட்டத்துக்கா, ஜிம்மில் பாரம் தூக்கும்போது கை வழுக்குவதற்கா, வயதான தாயாருக்குப் போத்தல் மூடி திறக்கவா? நோக்கம் தெரிந்தால் கருவியின் வகை தானாகவே தெரியும்.

3. கையின் அளவைப் பாருங்கள். விரித்து நிற்கும் கைப்பிடிகளின் நுனிகளை உங்கள் நான்கு விரல்களும் வளைத்துப் பிடிக்க வேண்டும். சின்னவிரல் எட்டவில்லையென்றால் அந்தக் கருவி உங்களுக்கு அகலம் கூடியது. ஸ்பிரிங் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் அது பொருந்தாது.

4. முடிந்தால் ஒருமுறை பிடிப்பலத்தை அளந்து பாருங்கள். இயன்முறை மருத்துவப் பிரிவுகளில் டைனமோமீட்டர் என்ற அளவுக்கருவியைப் பயன்படுத்துவார்கள். ஆசிய நிபுணர் குழு 2019இல் வெளியிட்ட அளவுகோலின்படி, முதியோரில் ஆணுக்கு 28 கிலோகிராமுக்கும் பெண்ணுக்கு 18 கிலோகிராமுக்கும் குறைந்தால் பிடி பலவீனமானது. அதற்குக் கீழே நிற்பவர் கிரிப்பரோடு நிற்காமல் உடல் முழுவதற்கும் பயிற்சியும் நல்ல உணவும் தேட வேண்டும்.

செய்யக்கூடாதவை

1. கிரிப்பர் ஆயுளைக் கூட்டும் என்று நம்பி வாங்காதீர்கள். 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வை இப்போது பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரின் பிடிப்பலத்தை அளந்து, சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பிடிப்பலம் 5 கிலோகிராம் குறையக் குறைய இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியிருந்தது. அதில் கைப்பலம் முழு உடலின் நிலையைக் காட்டும் அறிகுறியாக நின்றது. நடக்காமல், தூங்காமல், புகையை விடாமல் கிரிப்பரை மட்டும் நசுக்கினால் அந்த அபாயம் குறைந்துவிடாது.

2. நண்பனின் எண்ணை உங்கள் எண்ணாக எடுக்காதீர்கள். அவன் உள்ளங்கையின் அகலமும் விரல் நீளமும் வேறு. அவன் செய்யும் தொழிலும் வேறு.

3. வளரும் வயதுப் பிள்ளைகளுக்குக் கனமான ஸ்பிரிங் கிரிப்பர் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு மெதுவான இறப்பர் வளையமும், கயிறேறுவதும், மரக்கிளையில் தொங்குவதும் போதும். ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் சின்ன விரல்கள் மாட்டி நசிவதும் உண்டு.

அச்சிட்ட எண்ணைப் படிக்கும்போது

செய்ய வேண்டியவை

1. இறாத்தலா கிலோகிராமா என்று முதலில் பாருங்கள். 100 இறாத்தல் என்றால் ஏறத்தாழ 45 கிலோகிராம். 60 என்று மட்டும் எழுதியிருந்தால் அது 60 கிலோகிராமாகவும் இருக்கலாம், 27 கிலோகிராமாகவும் இருக்கலாம்.

2. ஒரே நிறுவனத்தின் வரிசைக்குள் மட்டும் எண்களை ஒப்பிடுங்கள். உலகில் அதிகம் பேசப்படும் வரிசை, அமெரிக்காவின் அயர்ன்மைண்ட் நிறுவனம் விற்கும் கேப்டன்ஸ் ஒஃப் கிரஷ். அதில் கைட் 60 இறாத்தல், ஸ்போர்ட் 80, ட்ரெயினர் 100, முதல் இலக்கம் 140, இரண்டாம் இலக்கம் 195, மூன்றாம் இலக்கம் 280, நான்காம் இலக்கம் 365. படிகள் எவ்வளவு உயரமானவை என்று பாருங்கள். முதல் இலக்கத்திலிருந்து இரண்டுக்கு 55 இறாத்தல், இரண்டிலிருந்து மூன்றுக்கு 85. அதனால்தான் இடையில் ஒன்றரை, இரண்டரை என்றும் வைத்திருக்கிறார்கள். இடைப்படி இல்லாத வரிசையை வாங்கினால் பாதி வழியில் நின்றுவிடுவீர்கள்.

3. மேல்படிகளின் உயரத்தைத் தெரிந்து வையுங்கள், அவசரம் குறையும். மூன்றாம் இலக்கத்தை மூடியதாக அதிகாரபூர்வச் சான்று பெற்ற முதல் ஆள் ரிச்சர்ட் சோரின், ஆண்டு 1991. நான்காம் இலக்கத்தை ஜோ கின்னி 1998இல் மூடினார். சுவீடன் விவசாயியும் 1998ஆம் ஆண்டின் உலகப் பலசாலிப் பட்டம் வென்றவருமான மேக்னஸ் சாமுவேல்சன் 2004இல் அதை மூடினார். உலகம் முழுக்கத் தேடினாலும் அந்தப் பட்டியலில் மிகச் சிலரே இருக்கிறார்கள்.

4. ஸ்பிரிங் கம்பியின் தடிப்பைப் பாருங்கள். சுருளின் அகலமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறாதிருந்தால், கம்பி 5 மில்லிமீட்டரிலிருந்து 5.5 ஆகும்போது விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் கையில் அவ்வளவு தெரியும். ஒரே எண் எழுதிய இரண்டு கிரிப்பர்கள் வேறு வேறு கனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்யக்கூடாதவை

1. டைனமோமீட்டரில் 45 கிலோகிராம் காட்டியதால் 45 கிலோகிராம் கிரிப்பரை மூடலாம் என்று எண்ணாதீர்கள். டைனமோமீட்டர் அசையாத பிடியின் விசையை அளக்கிறது. கிரிப்பரில் விரல்கள் மடங்க மடங்க ஸ்பிரிங் மேலும் விறைக்கிறது. இரண்டும் வேறு வேறு அளவைகள்.

2. வெவ்வேறு நிறுவனங்களின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். கைப்பிடியின் நுனியில் பாரத்தைத் தொங்கவிட்டு அளந்தால் ஓர் எண் வரும், நடுவில் தொங்கவிட்டால் அதைவிடப் பெரிய எண் வரும். எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதைப் பெட்டியில் எழுதமாட்டார்கள்.

3. பெரிய எண்ணை எடுத்தால் பிறகு வேறு வாங்கத் தேவையில்லை என்று கணக்குப் போடாதீர்கள். மூட முடியாத கிரிப்பர் பாதியில் நிற்கும். பாதியிலேயே பழகிய கைக்கு முழு மூடல் ஒருநாளும் வராது.

எந்தக் கைக்கு எந்த வகை

செய்ய வேண்டியவை

1. கரைவலை, படகு, தோட்டம் என்று உழைப்பவர் உலோகச் சுருள் கிரிப்பர் வாங்கலாம். முழுதாக மூடி எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்யக்கூடிய ஒன்று முதலில் போதும். காய்ப்பு விழுந்த கைக்கு அலுமினியக் கைப்பிடியின் சொரசொரப்பு தாங்கும்.

2. கந்தோர் வேலை, கடை வேலை, படிப்பு என்று இருப்பவர் கனத்தைக் கூட்டிக் குறைக்கும் கிரிப்பரிலிருந்து தொடங்கலாம். திருகு குமிழைச் சுற்றினால் 5 கிலோகிராமிலிருந்து 60 வரை போகும் பிளாஸ்டிக் வகை எளிதாகக் கிடைக்கிறது. அதில் எழுதியிருப்பது தோராயமான எண்தான். ஆனாலும் இன்றைக்கும் அடுத்த மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது காட்டும். தொடக்கத்துக்கு அது போதும்.

3. கரப்பந்தாட்டக்காரரும் கைட் சர்பிங் செய்பவரும் நடுத்தரக் கனத்தில் எண்ணிக்கையைக் கூட்டும் பயிற்சிக்கு ஏற்ற கிரிப்பரை எடுங்கள். இலங்கையின் தேசிய விளையாட்டு கரப்பந்தாட்டம். அதில் விரல் விரிப்பும் மணிக்கட்டு நெகிழ்வும் பெரிது. கைட் சர்பிங்கில் காற்றின் இழுவையில் பெரும்பகுதியை இடுப்புப் பட்டி தாங்குகிறது. கை சளைக்காமல் நீண்ட நேரம் பிடித்திருந்தால் சரி. இருவருக்கும் மிகக் கனமான ஸ்பிரிங் தேவைப்படாது.

4. முதியோருக்கும் நோயிலிருந்து தேறுபவருக்கும் மெதுவான இறப்பர் வளையமோ பந்தோ போதும். அவர்களுக்கு நோகாமல் தினமும் செய்வதே பெரிய காரியம்.

5. பெண்கள் கையின் அளவையும் பலத்தையும் பார்த்து வாங்குங்கள். வெங்காயக் கட்டும் கருவாட்டுக் கூடையும் தூக்கும் பெண்ணின் பிடி, கந்தோரில் இருக்கும் ஆணின் பிடியை மிஞ்சலாம். கடைக்காரர் பெண்களுக்கென்று இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்றை நீட்டினால், மூடிப் பார்த்து, போதாவிட்டால் அடுத்ததைக் கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

1. ஒரே நேரத்தில் ஐந்தாறு கிரிப்பர் கொண்ட முழுத் தொகுதியை வாங்காதீர்கள். மூன்று போதும்: கையைச் சூடேற்ற ஒன்று, பயிற்சிக்கு ஒன்று, இலக்குக்கு ஒன்று. தொடக்கத்தில் நடுவில் உள்ள அந்த ஒன்றே போதும்.

2. வியர்க்கும் கைக்கு வழுவழுப்பான பிளாஸ்டிக் கைப்பிடியை எடுக்காதீர்கள். தலவில வெயிலில் வியர்வை நிச்சயம். பஞ்சுறை போட்ட கைப்பிடி முதலில் இதமாக இருக்கும். உப்பும் வியர்வையும் ஊறிச் சீக்கிரம் சுழலத் தொடங்கும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

திருவிழாக் கடையிலோ புத்தளம் நகரிலோ ஒன்லைனிலோ, எங்கே வாங்கினாலும் இந்தச் சோதனைகள் ஒன்றுதான்.

செய்ய வேண்டியவை

1. ஸ்பிரிங்கின் இரு கால்களும் கைப்பிடிக்குள் ஒரே ஆழத்தில் இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் இருந்தால் மூடும்போது கருவி சரியும்.

2. கைப்பிடிகளைத் திருகிப் பாருங்கள். இன்றே சுழன்றால் நாளைக்குக் கழன்றுவிடும்.

3. மெதுவாக மூடிப் பாருங்கள். முதல் பாதி எல்லோருக்கும் இலகு. இரண்டு கைப்பிடிக்கும் நடுவில் ஒரு விரல் தடிப்பளவே இடைவெளி மிஞ்சும்போது, மோதிரவிரலும் சின்னவிரலும் நடுங்கத் தொடங்கும். சுட்டுவிரல் மட்டும் தனியே இழுக்கப் பார்க்கும். நுனிகள் இரண்டும் தொட்டு, டிக் என்று சத்தம் கேட்டால்தான் ஒரு மூடல். அந்தக் கடைசிச் சென்டிமீட்டரில்தான் ஒரு கிரிப்பர் உங்களுக்கு ஏற்றதா என்று தெரியும்.

4. இடக்கையிலும் பாருங்கள். சுருள் சுற்றப்பட்ட திசையால் ஒரு கையில் நன்றாக அமர்வது மறுகையில் இடறலாம். முன்பின் திருப்பிப் பிடித்தால் பெரும்பாலும் சரியாகும்.

5. ஒன்லைனில் வாங்கினால் கம்பித் தடிப்பு, கைப்பிடி இடைவெளி, உலோகத்தின் வகை, திருப்பி அனுப்பும் வசதி ஆகிய நான்கையும் விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். பதில் தராதவரிடம் வாங்க வேண்டாம்.

செய்யக்கூடாதவை

1. கைப்பிடியின் அடிநுனியில் மட்டும் பிடித்து மூடி, மூடிவிட்டேன் என்று நம்பாதீர்கள். நெம்புகோல் நீண்டால் எதுவும் இலகுதான். நான்கு விரல்களும் கைப்பிடியை நிறைத்து அமர வேண்டும்.

2. மறுகையால் பாதிவரை அமுக்கிக் கொடுத்துவிட்டு மீதியை மட்டும் மூடாதீர்கள். போட்டியாளர்கள் தொடக்க இடைவெளியைச் சரிபார்க்க, கைப்பிடி நுனிகளுக்கு நடுவில் வங்கி அட்டையின் குறுகிய பக்கத்தை நுழைத்துப் பார்ப்பார்கள். அது ஏறத்தாழ 54 மில்லிமீட்டர். அட்டை நுழையாத அளவுக்கு ஏற்கெனவே நெருங்கியிருந்தால் அந்த மூடலை ஏற்கமாட்டார்கள். வீட்டிலும் அதே அட்டையால் உங்களைச் சோதிக்கலாம்.

3. பிரபல நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து மலிவானதை வாங்காதீர்கள். எழுத்து மங்கலாகவும் கைப்பிடி வரிகள் ஒழுங்கில்லாமலும் இருந்தால் அது போலியாக இருக்கலாம்.

பயிற்சியில்

செய்ய வேண்டியவை

1. கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று நாள் போதும். ஒவ்வொரு நாளும் மூன்று முதல் ஐந்து சுற்று. சுற்றுக்கு நடுவில் ஒன்றிரண்டு நிமிட ஓய்வு. தசை சீக்கிரம் பலம் பெறும். அதை எலும்போடு கட்டும் தசைநார் மெதுவாகத்தான் பலம் பெறும். தசையின் வேகத்தில் பாரத்தைக் கூட்டினால் முழங்கைதான் முதலில் நோகும்.

2. கடலுக்கும் தோட்டத்துக்கும் போகும் நாட்களைப் பார்த்துப் பயிற்சி நாளைத் தெரியுங்கள். வலை வளைக்கும் காலத்தில் கிழமைக்கு ஒருநாள் போதும். அது பலத்தைக் கட்டிக் காக்க மட்டும். தொழில் ஓய்ந்திருக்கும் மாதங்கள்தான் பலத்தைக் கூட்ட ஏற்றவை.

3. மூடும் அளவுக்கு விரிக்கவும் பழக்குங்கள். ஐந்து விரல்களின் நுனியையும் சுற்றி ஒரு தடித்த இறப்பர் வளையத்தை மாட்டி, கையை விரித்து விரித்து மூடுங்கள். கயிறு பிடித்தே பழகிய கைக்கு இதுதான் கிரிப்பரைவிடப் பெரிய மருந்து. முழங்கையின் வெளிப்பக்க நோவைத் தள்ளிப்போட இது உதவும்.

4. ஒரு கிரிப்பரை இருபது முறைக்கு மேல் முழுதாக மூட முடிந்தால் அதைச் சூடேற்றும் கருவியாக ஒதுக்கி, அடுத்த படிக்குப் போங்கள்.

5. மூடும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

செய்யக்கூடாதவை

1. உப்புத் தண்ணீரில் ஊறிய கையோடு சொரசொரப்பான கைப்பிடியைப் பிடிக்காதீர்கள். ஊறிய தோல் இலகுவில் உரியும். கடலிலிருந்து வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தோல் இறுகும்வரை பொறுங்கள்.

2. மீன் முள் குத்திய கையோடும், நூல் வெட்டிய விரலோடும் பயிற்சி செய்யாதீர்கள். சின்னக் காயம் சீழ் பிடித்தால் பல நாள் தொழில் போய்விடும்.

3. அதிகாலை வலைக்குப் போகுமுன் கிரிப்பரைக் களைக்கக் களைக்க நசுக்காதீர்கள். களைத்த விரல்கள் கயிற்றை நழுவவிடும். பக்கத்தில் நிற்பவருக்கும் அது ஆபத்து.

4. பேருந்தில், தொலைக்காட்சி முன்னால் என்று நூற்றுக்கணக்கில் எண்ணாமல் நசுக்காதீர்கள். கணக்கில்லாத பயிற்சியில் நோவுதான் மிஞ்சும்.

உப்புக்காற்றில் காப்பது

செய்ய வேண்டியவை

1. வாங்கும்போதே ஸ்பிரிங் எவர்சில்வரா, முலாம் பூசிய உருக்கா என்று கேளுங்கள். எங்கள் கரையில் காற்றே உப்பு. முலாம் பளபளக்கும், ஓரிடத்தில் கீறல் விழுந்தால் அங்கிருந்தே கறள் ஏறும்.

2. ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைத்து, கிழமைக்கு ஒருமுறை ஸ்பிரிங் சுருளில் மட்டும் ஒரு துளி இயந்திர எண்ணெய் தடவுங்கள்.

3. மூடியிறுக்கும் டின்னில் வையுங்கள்.

செய்யக்கூடாதவை

1. படகிலோ, கடல் பார்த்த யன்னலிலோ, ஈரத் துவாயோடோ கிரிப்பரை வைக்காதீர்கள்.

2. கைப்பிடியில் எண்ணெய் படவிடாதீர்கள். பிடி வழுக்கும்.

3. கறள் குழி விழுந்த ஸ்பிரிங்கைத் தேய்த்துத் தேய்த்துப் பாவிக்காதீர்கள். அந்தக் குழியிலிருந்துதான் வெடிப்பு தொடங்கும். முழு விறைப்பில் ஸ்பிரிங் முறிந்தால் முகம் பக்கத்தில் இருக்கும். எறிந்துவிடுங்கள்.

காசு இல்லாதபோது

செய்ய வேண்டியவை

1. ஒரு வாளியில் உலர்ந்த கடல் மணலை நிரப்பி, அதற்குள் கையை நுழைத்து விரல்களை விரித்து மூடுங்கள். மூடலும் விரிப்பும் ஒரே நேரத்தில் கிடைக்கும். தலவிலையில் மணலுக்கு விலையில்லை.

2. 10 லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 10 கிலோகிராம். இரண்டு வாளியை நிரப்பித் தூக்கி நடங்கள். வாளியின் கைப்பிடியில் துணியைச் சுற்றித் தடிப்பாக்கினால் இன்னும் கடினம்.

3. தடித்த துவாயை நனைத்து, சொட்டு நீர் நிற்கும்வரை இரு திசையிலும் பிழியுங்கள்.

4. கர்லாக்கட்டை கிடைத்தால் சுழற்றுங்கள். பிடி, மணிக்கட்டு, தோள் மூன்றுக்கும் சேர்த்துத் தமிழ்நாட்டு மல்லர்கள் பழகிய கருவி அது. விழுப்புரம் பக்கம் வளர்ந்த மல்லர் கம்பமும், தென்மாவட்டக் கிராமங்களில் தூக்கிய இளவட்டக்கல்லும் கிரிப்பர் இல்லாமலே கைகளை வளர்த்தவைதான்.

செய்யக்கூடாதவை

1. கருவி இல்லாததால் பயிற்சி இல்லை என்று இருக்காதீர்கள். கடன்பட்டும் கிரிப்பர் வாங்காதீர்கள்.

எப்போது நிறுத்துவது

செய்ய வேண்டியவை

1. இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போனால், காலையில் விரல் மடங்கிய நிலையில் சிக்கி டக் என்று விடுபட்டால், முழங்கையின் வெளிப்பக்கம் தேநீர்க் கோப்பை தூக்கும்போதே நொந்தால், பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். முதலாவது மணிக்கட்டில் நரம்பு நெரிவதன் அறிகுறியாகவும், இரண்டாவது தசைநார் உறை வீக்கமாகவும், மூன்றாவது முழங்கைத் தசைநார்ப் பாதிப்பாகவும் இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு விரல் சிக்கும் தொல்லை கூடுதலாக வரும். அவர்கள் முதல் அறிகுறியிலேயே போங்கள்.

2. உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் தொடங்குமுன் வைத்தியரைக் கேளுங்கள். மெதுவான பிடியைச் சில நிமிடம் தொடர்ந்து வைத்திருக்கும் பயிற்சி அழுத்தத்தைக் குறைக்க உதவுவதாக ஆய்வுகள் உண்டு. மூச்சை அடக்கிப் பெரிய ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டுவது அதற்கு நேரெதிர்.

செய்யக்கூடாதவை

1. எண்ணெய் தடவி உருவினால் போய்விடும் என்று மாதக்கணக்கில் இழுத்தடிக்காதீர்கள். கையால் உழைக்கும் வீட்டில் கை நின்றால் உலையும் நின்றுவிடும்.

மூன்று மாதம் கழித்துக் கணக்கெடுங்கள். தொடக்கத்தில் எட்டு முறை மூடிய கிரிப்பரை இப்போது எத்தனை முறை மூடுகிறீர்கள்? வலைக்கயிறும் தண்ணீர் வாளியும் முன்னைவிட இலகுவாக இருக்கின்றனவா? காலையில் விரல்கள் நோவின்றி விரிகின்றனவா? மூன்றுக்கும் பதில் நல்லதாக இருந்தால் அடுத்த படியை வாங்குங்கள். ஏதாவது ஒன்று பிசகினால் காசைப் பையிலேயே வைத்து, ஓய்வைக் கூட்டி, விரிப்புப் பயிற்சியைக் கூட்டி, இன்னுமொரு மாதம் அதே கிரிப்பரோடு இருங்கள்.